அழித்தவனைப் பிடித்தீர்கள், குவித்தவன் எங்கே?

டிஸ்கி: இது பொட்டி தட்டும் வேலை பற்றிய பதிவு. போன பதிவில் ஜிகர்தண்டா பற்றிப் படித்துவிட்டு அதே நாக்கோடு வந்திருப்பவர்கள் மன்னிக்கவும். முடிந்த வரை எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் கோபமாகவும் இருக்கும்.

என் வகுப்புத் தோழன் ஒருவனும் நானும் போன செமஸ்டரில் ஒரே கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனோம். பார்சல் அனுப்பும் கம்பெனி. பெயர் வேண்டாம். அவன் சர்வர்களைக் கவனிக்கும் குழுவில், நான் வேறு குழுவில். ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு எனக்கு போன். "டேய், டிஸ்க் 97 சதவீதம் ஆயிருச்சு. அண்ணன் லீவு, போன் எடுக்கல. வழிகாட்டிப் பக்கத்துல 'இடம் இல்லையென்றால் பழைய லாக் கோப்புகளை அழிக்கவும்'னு போட்டிருக்கு. அழிச்சுரட்டுமா?" தூக்கக் கலக்கத்தில் நான் சொன்னது: "லாக் தானடா, அழி." ஆக, குற்றவாளிப் பட்டியலில் அடியேன் பெயரும் உண்டு என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

அவன் அழித்தான். மறுநாள் மத்தியானம் ஒரு மீட்டிங். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து அவனை ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். திரும்பி வந்த பார்சல்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் இரண்டு நாள் தகவல்கள் காணாமல் போயிருந்தன. டேட்டாபேஸைத் தோண்டி, ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்து, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்து முடிக்கப் பதினோரு நாள் ஆனது. அவனுக்குப் பயிற்சி முடிந்ததும் வேலை தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சே அப்புறம் எழவில்லை.

அந்த மீட்டிங்கில் கேட்கப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. 97 சதவீதம் வரைக்கும் அதைக் குவித்தது யார்?

சரி, விஷயத்துக்கு வருவோம். நிரம்பியது மெசேஜ் புரோக்கர் சர்வர். வீட்டு புரோக்கர் மாதிரிதான் இதுவும்: ஒரு பக்கம் கொடுப்பவன், இன்னொரு பக்கம் வாங்குபவன், இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். அங்கே ஓடியது காஃப்கா. லிங்க்ட்இன் கம்பெனிக்குள் எழுதப்பட்டு 2011-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. மளிகைக்கடையில் பில்களைக் குத்தி வைக்கும் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற சீட்டெல்லாம் வரிசையாகக் குத்தப்படும். யார் படித்தாலும் சீட்டு கம்பியை விட்டுப் போகாது. படிக்கிறவன்தான் "நான் இது வரைக்கும் படித்தேன்" என்று குறித்து வைத்துக்கொள்வான். நாளைக்குப் புதிதாக ஒருவன் வந்து முதல் சீட்டிலிருந்து படிக்கலாம். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்கு நீளம் உண்டு. எத்தனை நாள் சீட்டு கம்பியில் இருக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரர் வாயைத் திறக்காவிட்டால் காஃப்காவே ஒரு பதில் வைத்திருக்கிறது: 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். அளவுக்கு வரம்பு? கிடையாது. மைனஸ் ஒன்று என்று போட்டிருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் என்று அர்த்தம். இந்த இரண்டையும் தொடாமல் சர்வரை ஓட்டுகிறவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. அவருக்குப் பதிலாக, அவர் வியாபாரம் என்னவென்றே தெரியாத யாரோ எடுத்த முடிவு ஓடிக்கொண்டிருக்கிறது.

எட்டாங்கிளாஸ் கணக்கு ஒன்று போடலாம். ஒரு தகவல் 1 கிலோபைட். நொடிக்கு ஆயிரம் தகவல். அதாவது நொடிக்கு 1 எம்பி, நாளைக்கு 86.4 ஜிபி, ஏழு நாளைக்கு 604.8 ஜிபி. பாதுகாப்புக்கு மூன்று நகல் என்றால் ஏறக்குறைய 1.8 டிபி. மூன்று புரோக்கருக்கும் தலா 500 ஜிபி டிஸ்க் கொடுத்திருந்தால், ஆளுக்கு ஒரு முழு நகல் என்ற கணக்கில், ஆறாம் நாள் முடிவதற்குள் மூன்றும் நிரம்பிவிடும். கூட்டிப் பெருக்குபவர் வருவது ஏழாம் நாள்! ஐந்து நிமிஷத்தில் பேப்பரில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. இதைப் போடாமல் கட்டிய வீட்டில் ராத்திரிக் காவலுக்கு நின்ற பையனைப் பார்த்துத்தான் "ஏன்டா வெள்ளம் வந்தது" என்று கேட்டார்கள்.

"மூணு நகல் இருக்கே தம்பி, எப்படி மூணும் போச்சு?" என்று மீட்டிங்கில் ஒரு பெரியவர் ஆச்சரியப்பட்டாராம். எனக்கு அவர் ஆச்சரியப்பட்டதுதான் ஆச்சரியம். நகல் எதற்கு? ஒரு டிஸ்க் கெட்டுப்போனால், ஒரு சர்வர் படுத்தால், அதற்கு. நிரம்புவதற்கு நகல் மருந்தே இல்லை. மூன்றிலும் ஒரே சீட்டுகள், ஒரே வேகம், ஒரே அளவு டிஸ்க். நிரம்பினால் மூன்றும் ஏறக்குறைய ஒரே ராத்திரியில் நிரம்பும். ஒரே குழாயில் மூன்று குடத்தை வைத்துத் திறந்துவிட்டால் எது காலியாக இருக்கும்?

அடுத்தது அந்த "லாக்" என்ற சொல். இதற்கு யார் மேலாவது கேஸ் போடலாமா என்று யோசிக்கிறேன். சாதாரணமாக லாக் என்றால் புரோகிராம் தன் பாட்டுக்குப் புலம்பி எழுதி வைக்கும் குறிப்பு. பழையதை அழித்தால் பெரும்பாலும் குடி முழுகாது. காஃப்காவில் தகவல்கள் இருக்கிற கோப்புக்கே லாக் என்றுதான் பேர். இருபது இலக்க எண், கடைசியில் புள்ளி லாக். அதுதான் கம்பி, அதுதான் சரக்கு. புலம்பல் லாக் தனியாக வேறொரு இடத்தில் இருக்கும். காஃப்காவின் பழைய பதிப்புகளோடு வந்த அமைப்பில் அந்தப் புலம்பல் லாக் நாளுக்கொரு கோப்பாகச் சேருமே தவிர, பழையது தானாக அழியாது. வழிகாட்டிப் பக்கத்தை எழுதியவர் மனதில் இருந்தது அந்தப் புலம்பல் லாக். பையன் கண்ணில் பட்டது சரக்கு லாக். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஒரு வரி!

அழித்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பயிற்சிக்குப் போகிற ஜூனியர்களுக்கு உதவும். மூன்று பாடுக்குள்ளும் (குபர்னெட்டிஸில் கன்டெய்னர் குடியிருக்கும் கூடு) நுழைந்து அழித்தான். டிஎஃப் போட்டுப் பார்த்தால் இடம் அசையவே இல்லை. டியூ போட்டால் குறைந்த மாதிரி காட்டுகிறது. காரணம் லினக்ஸின் சுபாவம்: ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயரை அழித்தாலும் இடம் திரும்பாது. காஃப்காவோ தன் கோப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் அவன் கையை எடுத்திருந்தால்கூட, திறந்திருக்கும் கோப்பிலிருந்து சரக்கை மீட்க வழி இருந்திருக்கும். பதற்றத்தில் மூன்று பாடையும் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தான். இடம் கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கப் போனான்.

பணம் திருப்பித் தரும் புரோகிராம் வேறு ஏதோ கோளாறால் இரண்டு நாளாகப் படுத்திருந்தது. காலையில் யாரோ அதை எழுப்பினார்கள். அது "நான் படித்து நிறுத்திய இடம் எங்கே?" என்று கேட்டது. அந்த இடமே இல்லை. இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கும் காஃப்காவில் ஒரு முன்னிருப்பு உண்டு: நேராகக் கடைசிக்குப் போ. கவனியுங்கள், மீதி இருக்கிற சீட்டுகளில் பழையதிலிருந்து படி என்று இல்லை. இனி வரப்போவதை மட்டும் படி. ஆக, பையன் அழிக்காமல் விட்ட சீட்டுகளையும் அந்தப் புரோகிராம் தாண்டிக் குதித்துவிட்டது. பணம் தொடர்பான புரோகிராமில் அந்த அமைப்பை மாற்றாமல் விட்டவர் அந்த மீட்டிங்கில்தான் இருந்தார். கேள்வி கேட்கும் பக்கம்.

அப்படியானால் ராத்திரி இரண்டரை மணிக்கு என்னதான் செய்திருக்க வேண்டும்? காஃப்காவின் கோப்பை மனிதன் கை தொடக்கூடாது. காஃப்காவிடமே சொல்லி அழிக்கச் செய்ய வேண்டும். அதிகம் இடம் தின்னும் டாபிக் எது என்று பார்த்து, அதன் சொந்தக்காரரைக் கேட்டு, வாங்குபவர்கள் எல்லாரும் எது வரை படித்திருக்கிறார்கள் என்று சரிபார்த்து, அந்த டாபிக்குக்கு மட்டும் வைத்திருக்கும் காலத்தைக் குறைக்க வேண்டும். ஏழு நாளை ஒரு நாள் ஆக்கலாம். காஃப்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றிப் பார்க்கும், அழிக்க வேண்டியதற்குக் குறி போட்டு ஒரு நிமிஷம் கழித்து அழிக்கும். குறிப்பிட்ட எண் வரைக்கும் உள்ளதை மட்டும் கழிக்கவும் அதனோடேயே ஒரு கருவி வருகிறது. வேலை முடிந்ததும் காலத்தைப் பழையபடி மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த மாசம் இன்னொரு மீட்டிங்.

இதிலும் கண்ணி இருக்கிறது. காஃப்கா சீட்டு சீட்டாக அழிப்பதில்லை, கட்டுக் கட்டாகத்தான் அழிக்கும். ஒரு கட்டு 1 ஜிபி ஆகும் வரை, அல்லது ஏழு நாள் ஆகும் வரை திறந்தே இருக்கும். கட்டில் உள்ள கடைசிச் சீட்டுக்கு வயதானால்தான் கட்டு போகும். மெதுவாக, ஆனால் விடாமல் சீட்டு வரும் டாபிக்கில் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தாலும் ஒன்றும் நடக்காது. திறந்திருக்கும் கட்டில் இப்போதுதான் விழுந்த சீட்டு இருக்கிறதே! கட்டு மூடும் காலத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். இது தெரியாமல் "ரிடென்ஷன் வேலை செய்யல" என்று முடிவு கட்டி, நேராக அழிக்கும் கமாண்டுக்குத் தாவுகிறவர்கள் ஏராளம்.

அளவு வரம்பு வைக்கிறவர்களுக்கு இன்னொன்று. அந்த வரம்பு டாபிக்குக்கு இல்லை, அதன் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும். 10 ஜிபி என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், 12 பார்ட்டிஷன், 3 நகல் என்று 360 ஜிபி போய் நிற்கும். தேதிக் கோளாறு தனிக்கதை. அனுப்புகிறவன் மில்லி நொடிக்குப் பதில் மைக்ரோ நொடியில் நேரம் போட்டால், அந்தச் சீட்டின் தேதி ஐம்பதாயிரம் வருஷத்துக்கு அப்பால் போய்விடும். வயதே ஆகாத சீட்டு, மார்க்கண்டேயர் மாதிரி. 2025-ல் வந்த 4.0 பதிப்பு இப்படிப்பட்ட எதிர்காலத் தேதிகளை முன்னிருப்பாகவே வாங்க மறுக்கிறது. பழைய பதிப்பு ஓட்டுகிறவர்கள் அவரவர் பாடு.

"இவ்வளவு எதுக்கு? டிஸ்க்கைப் பெரிசாக்கிட்டுப் போ." இது அடுத்த கட்சி. குபர்னெட்டிஸில் இது உண்மையிலேயே சுலபம். வால்யூமைப் பெருக்கும் வசதி 2022-ல் வந்த 1.24 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்டது. ஸ்டோரேஜ் அமைப்பில் அனுமதி இருந்தால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். 97 சதவீதத்தில் உயிர் ஊசலாடும்போது இதைச் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். புரோக்கர் நிரம்பிப் படுத்தேவிட்டால் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி. ஏனென்றால் டிஸ்க்கில் எழுத முடியாத காஃப்கா அந்த டிஸ்க்கையே கைவிடும், வேறு டிஸ்க் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். குபர்னெட்டிஸ் உடனே எழுப்பும். அதே நிரம்பிய டிஸ்க்கில் எழுந்து மறுபடி விழும். விழ எழுப்ப, விழ எழுப்ப. எல்லா நோய்க்கும் ரீஸ்டார்ட் என்று ஒரே கஷாயம் வைத்திருக்கும் வைத்தியர் அது.

ஆனால் இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். பெருக்கலாம், சுருக்க முடியாது. 500-ஐ ஆயிரம் ஆக்கினால் அடுத்த மாசமே கூட்டம் குறைந்தாலும் ஆயிரத்துக்கும் வாடகைதான், அதுவும் மூன்று மடங்கு. சின்ன டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டுமென்றால் புதிய புரோக்கர்களை எழுப்பிச் சரக்கை எல்லாம் இடம் மாற்ற வேண்டும். இதில் வேடிக்கை, ஸ்டேட்ஃபுல்செட்டில் எழுதியிருக்கும் பழைய அளவை நேரடியாகத் திருத்தவும் விடாது. நிஜ டிஸ்க் ஒரு அளவு, எழுத்தில் ஒரு அளவு என்று நின்று, அடுத்து வருகிறவனைக் குழப்பும். "ஸ்டோரேஜ் மலிவு" என்று சொல்கிறவர்கள் மாசக் கடைசியில் பில் கட்டுகிறவர்களாக இருந்து நான் பார்த்ததில்லை.

இவர்கள் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மலிவான வழி ஒன்று உண்டு. அனுப்புகிறவன் பக்கத்தில் கம்ப்ரஷன். முன்னிருப்பில் அது கிடையாது. அதே பெயர், அதே அடைப்புக்குறி என்று திரும்பத் திரும்ப வரும் ஜேசான் எழுத்தை அமுக்கினால் நன்றாகவே சுருங்கும். ஒரே ஒரு அமைப்பு வரி. ஆனால் அதை எழுத வேண்டியது சர்வர் பையன் இல்லை, குவிக்கிற குழு. அதனால்தான் நடப்பதில்லை.

என் கோபம் இங்கேதான். காஃப்காவில் ஒரு டாபிக்கைத் தொடங்க யாரையும் கேட்க வேண்டாம். இல்லாத பெயருக்கு அனுப்பினால் தானாக ஒன்று முளைக்கும், அதுவும் முன்னிருப்பு. எழுத்துப்பிழையில்கூட டாபிக் பிறக்கும். பிறந்ததற்கு அப்பன் பெயர் கிடையாது. எத்தனை நாள் வைக்கலாம், நொடிக்கு எவ்வளவு வரும், யார் படிக்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு திறந்தால் என்ன? வரம்பு மீறி அனுப்புகிறவனுக்குக் கோட்டா போடும் வசதி பல வருஷமாக இருக்கிறதே, போட்டால் என்ன? கேட்டால் "டெவலப்பர் வேகம் குறையும்" என்பார்கள். குவிப்பதற்கு வேகம், கூட்டுவதற்குப் பயிற்சிப் பையன். நல்ல நியாயம்.

ராபிட்எம்க்யூ இந்த விஷயத்தில் கொஞ்சம் ரோஷக்காரன். இடம் குறைந்தால் அனுப்புகிறவர்களை, ஒரு நோடில் குறைந்தால்கூட கிளஸ்டர் முழுக்க, நிறுத்தி வைத்துவிடும். குவித்தவனுக்கே வலிக்கும். கொள்கை பிரமாதம். ஆனால் முன்னிருப்பு எல்லை வெறும் 50 எம்பி! தண்ணீர் மூக்குக்கு வந்த பிறகு ஊதும் சங்கு. அதையும் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சீக்கிரம் அழி என்பதும் என் கட்சி இல்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 1851-லிருந்து தான் வெளியிட்ட அத்தனையையும் காஃப்காவில் காலவரம்பில்லாமல் வைத்திருப்பதாக 2017-ல் எழுதினார்கள். மொத்தம் 100 ஜிபிக்குள் அடங்கியது. கணக்குப் போட்டு, காரணம் சொல்லி, எவ்வளவு ஆகும் என்று தெரிந்து எடுத்த முடிவு. அதற்கு என் சல்யூட். நிறைய வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் பழைய கட்டுகளை மலிவான கிடங்குக்குத் தள்ளும் வசதியும் 2024-ல் வந்த 3.9 பதிப்பிலிருந்து நிஜ வேலைக்குத் தயார். இன்னொரு பக்கம், மனிதர்களின் விவரத்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்று ஐரோப்பாவில் 2018-லிருந்து சட்டமே நடைமுறையில் இருக்கிறது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பது அங்கே காரணமே ஆகாது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் உடைந்த மிக்ஸிக்கு மட்டும்தான் அது காரணம்.

சைடு கேப்பில் ஒரு விஷயம். இந்த மென்பொருளுக்கு எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் பெயரைத்தான் வைத்தார்கள். எழுதுவதற்கென்றே செதுக்கிய அமைப்பு, அதனால் எழுத்தாளர் பெயர் என்பது விளக்கம். அந்த மனிதர் 1924-ல் சாவதற்கு முன்னால், தன் கைப்பிரதிகளை எல்லாம் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்திருந்தார். நண்பர் எரிக்கவில்லை, அது உலக இலக்கியத்துக்கு லாபம். ஆனாலும் பாருங்கள், எதை எப்போது அழிக்க வேண்டும் என்று காஃப்கா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பெயரில் சர்வர் ஓட்டுகிறவர்களிடம் அந்தத் தெளிவைக் காணோம்.

என் தோழன் இப்போது வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். நேர்காணலில் "நீங்கள் செய்த பெரிய தவறு என்ன?" என்று கேட்டால் இதைச் சொல்லலாமா என்று என்னிடம் கேட்டான். இனிமேல் அவனுக்கு நான் யோசனை சொல்வதாக இல்லை.

பயிற்சி முடிந்து நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. திருத்தலாமா என்று பொறுப்பில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "நீயா மாத்தாத தம்பி, ஒரு டிக்கெட் போட்டுரு" என்றார். போட்டேன். கடைசி நாள் சாயங்காலம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். டிக்கெட் யார் பெயரிலும் இல்லாமல் திறந்தே கிடந்தது.